சட்டிக்கு என்ன அவசரம்? போன்சாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தைச் சின்னத் தட்டில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் ஆசை வந்ததும் பலரும் முதலில் வாங்குவது அந்த ஆழமில்லாத பீங்கான் தட்டைத்தான். அப்புறம் அதற்குப் பொருத்தமாக ஒரு சின்ன ஃபைகஸ் (ஆல், அத்தி இனச் செடி), ஒரு கத்தரி செட், கம்பிச் சுருள், மேலே தூவ வெள்ளைக் கூழாங்கல். சில ஆயிரம் ரூபாய் போய்விடும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் செடி வாங்கிய அன்றிருந்த பருமனிலேயே நிற்கும், இல்லையென்றால் காய்ந்து போயிருக்கும். பணம் வீணாவது, கை பழகாமல் போவது, ஆர்வம் வற்றுவது எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மரமாக ஆவதற்கு முன்பே செடியைத் தட்டில் ஏற்றிவிடுகிறோம்.

தட்டு என்பது உருவாகி முடிந்த மரத்தைக் காட்சிக்கு வைக்கும் இடம். வேர் ஓட இடமில்லாததால் அதில் வளர்ச்சி மந்தமாகும். முழு வடிவம் பெற்ற மரத்துக்கு அந்த மந்தம் தேவை. பென்சில் தடிமனில் இருக்கும் கன்றுக்கு அதுவே கேடு. அடிமரம் பருக்க இலை வேண்டும். நிறைய இலைக்கு நிறைய வேர் வேண்டும். அதனால் முதல் மூன்று, நான்கு வருடங்களுக்குச் செடியைத் தரையிலோ பெரிய குரோ பேக்கிலோ இஷ்டத்துக்கு ஓடவிடுங்கள். நடும்போது வேருக்கு நேர் அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வையுங்கள். ஆணிவேர் கீழே இறங்க முடியாமல் வேர்கள் பக்கவாட்டில் பரவும். பின்னாளில் மரம் மண்ணைக் கவ்விப் பிடித்து நிற்பதுபோல் தெரிவது அந்த வேர்களால்தான். கீழே ஒரு கிளையை வெட்டாமல் நீளவிட்டால் அதற்குக் கீழுள்ள தண்டு வேகமாகப் பருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை எடுத்துவிடலாம். தண்டின் பருமனைப் போல ஆறு மடங்கு உயரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு. கட்டாயம் இல்லை, ஆனாலும் எங்கே வெட்டலாம் என்று முடிவெடுக்க உதவும்.

இதைக் கேட்டதும் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். போன்சாய் என்றால் செடியைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். "பாவம், அதை ஏன் இப்படிச் சித்திரவதை செய்கிறீர்கள்?" என்று கேட்கிற உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். வீட்டில் வளர்ச்சி குன்றும் என்று வாஸ்து சொல்கிறவரும் இருப்பார். உரமும் தண்ணீரும் கிடைக்காத செடி குட்டையாவதில்லை, நோஞ்சானாகிறது. கிளையும் வேரும் வெட்டுவதால்தான் மரம் அளவில் நிற்கிறது. நன்றாகத் தின்று கொழுத்த செடிதான் வெட்டைத் தாங்கி மறுபடி துளிர்க்கும்.

செலவு விஷயத்தில் இன்னும் சில பொறிகள் உண்டு. இணையத்தில் "போன்சாய் விதை" விற்கிறார்கள். அப்படி ஒரு விதை கிடையாது. சாதாரண மர விதைதான் போன்சாயாகிறது, அந்தக் கணக்கில் புளியங்கொட்டையும் போன்சாய் விதைதான். படத்தில் நீல இலையோடு மேப்பிள் மரம் காட்டினால் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். பரிசாகக் கொடுக்க விற்கப்படும், கிழங்குபோல் பருத்த வேருள்ள ஜின்செங் ஃபைகஸ், பெரும்பாலும் வேரைப் பருக்கவைத்து மேலே வேறு ரகத்தை ஒட்டுக் கட்டியது. வளர்க்க எளிது, பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் பெயர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடும்.

மரத்தின் வயதைச் சொல்லி விலை ஏற்றுவதும் வழக்கம். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரப் பூங்காவில் 1625 முதல் போன்சாயாக வடிவமைக்கப்பட்டு வருவதாகக் குறிக்கப்பட்ட ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. மசாரு யமாகி என்பவர் 1976-ல் கொடுத்தது. அது ஹிரோஷிமா குண்டு வீச்சில் தப்பிய மரம் என்ற விவரமே 2001-ல் அவருடைய பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரியவந்தது. அப்படிக் கைமாறி வந்த சரித்திரம் உள்ள மரத்துக்கு வயது பேசலாம். நம் வெயிலில் நிலத்தில் வளர்ந்த ஃபைகஸ் சில வருடங்களிலேயே மணிக்கட்டு பருமன் வந்துவிடும். ஆகவே பருமனைக் காட்டி "ஐம்பது வருட மரம்" என்றால் நம்ப வேண்டாம். வயதுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அடிமரமும் வேரும் பார்த்துக் கொடுங்கள்.

உண்மையில் நல்ல மூலச்செடி நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பறவை எச்சத்தில் விழுந்த விதையிலிருந்து பழைய சுவர் இடுக்கிலும் மொட்டை மாடி ஓரத்திலும் ஆலும் அரசும் முளைத்துக் கிடக்கும். கட்டடத்துக்கு ஆபத்து என்று எப்படியும் பிடுங்கத்தான் போகிறார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு வேரோடு எடுத்து வாருங்கள். இடுக்கில் முறுக்கி வளர்ந்த வேருக்கு உள்ள குணம் நர்சரிச் செடியில் கிடைக்காது. காட்டிலிருந்து தோண்டும் வேலை மட்டும் வேண்டாம். காப்புக்காட்டில் அது குற்றம். அரசுக்கு இலை பெரிது, காம்பும் நீளம். சின்ன தட்டுக்கு ஒத்துவராது, பெரிய அளவில் செய்யலாம். புளியும் கொடுக்காப்புளியும் சின்ன இலை, சீக்கிரம் முதிர்ந்த தோற்றம் தரும் பட்டை. காகிதப்பூவும் அழகுதான், ஆனால் முதிர்ந்த கிளையை வளைத்தால் சடக்கென்று உடையும். பெரிய வெட்டுக் காயங்களும் எளிதில் அழுகும். ஜூனிப்பரும் ஜப்பானிய மேப்பிளும் சமவெளிக்கு வேண்டாம். குளிர்கால ஓய்வு இல்லாமல் அவை பெரும்பாலும் மெல்ல மெல்லச் சாகும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் முயலலாம்.

அதிகம் செடிகள் சாவது மண்ணாலும் தண்ணீராலும்தான். நர்சரியில் செம்மண், மணல், தொழு உரம் கலந்து கொடுப்பார்கள். ஆழமான பையில் அது சரி. ஆழமில்லாத தட்டில் ஆகாது. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஒரு ஈர அடுக்கு தங்கும். அதன் உயரம் மண்ணின் தன்மையைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. ஓரடி ஆழப் பையில் அது அடியில் மட்டும் நிற்கும். இரண்டு அங்குலத் தட்டில் அதே ஈரம் வேர் முழுவதையும் மூழ்கடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டுச் செடிகள் அழுகுவது இதனால்தான். ஜப்பானியர்கள் அகடாமா என்ற மணி மணியான எரிமலைக் களிமண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அதை இறக்குமதி விலைக்கு வாங்கத் தேவையே இல்லை. நன்றாகச் சுட்ட செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, 2 முதல் 6 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் எடுங்கள். மூன்று பங்குக்கு ஒரு பங்கு மக்கிய உரம் போதும். பாதி வெந்த செங்கல் கரைந்து சேறாகிவிடும், பார்த்து எடுங்கள். தூளைச் சலிக்கச் சோம்பல்பட்டால் மொத்த வேலையும் வீண்.

தண்ணீருக்கு நேர அட்டவணை போடாதீர்கள். ஒரு மரக்குச்சியை மண்ணில் செருகி வைத்து, எடுத்துப் பார்த்து ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். இலையில் ஸ்ப்ரே அடிப்பது தண்ணீர் ஊற்றுவதாகாது. கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தேவைப்படலாம், அடைமழையில் ஒரு வாரம் ஒரு சொட்டும் தேவைப்படாது. வேறொரு தவறு சென்னை போன்ற ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது: ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது. நல்ல எண்ணம்தான், ஆனால் அது உப்பு செறிந்த தண்ணீர். சின்னத் தட்டில் உப்பு சேர்ந்து இலை நுனி கருகும். தட்டு ஓரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தால் தெரியும். அந்தத் தண்ணீரைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பு குறைவு. மழை நீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

வரவேற்பறை மேசையில் போன்சாய் வைப்பது படத்துக்குத்தான் நன்றாக இருக்கும். மரத்துக்கு வெயில் வேண்டும். விருந்தாளி வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டு மறுபடி வெளியே வையுங்கள். மாடியில் நேராகச் சிமெண்ட் தரையில் வைத்தால் சட்டி அடியிலிருந்து வேகும். செங்கல் அடுக்கியோ பலகை போட்டோ உயர்த்துங்கள். சித்திரை, வைகாசியில் மேலே பச்சை வலை கட்டுங்கள்.

கிளையில் சுற்றி, வளைத்து வடிவம் கொடுக்கும் கம்பி விஷயம் சுருக்கமாக. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் போதும். கட்டட வேலைக்கான கட்டுக்கம்பி துருப்பிடிக்கும், வேண்டாம். அலுமினியக் கம்பி மிருதுவானது. பழைய மின்கம்பியில் உரித்த செம்பும் ஆகும்; பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகும். கட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. நம் ஊர் ஃபைகஸ் வளரும் வேகத்தில் சில வாரங்களிலேயே கம்பி பட்டையைக் கடித்துவிடும், தழும்பு வருடக்கணக்கில் நிற்கும். கம்பியைச் சுற்றிக் கழற்றக் கூடாது, துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

எல்லா வேலையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட ஆசை வரும். இலை உருவி, கிளை வெட்டி, வேர் வெட்டி, கம்பி கட்டி, சட்டி மாற்றி, உடனே புண்ணாக்கும் போட்டால் எந்த மரம் தாங்கும்? ஒரு நேரத்தில் ஒரு பெரிய வேலை. ஃபைகஸ், புளி இவற்றுக்கு மாசி, பங்குனியில் துளிர்க்கத் தொடங்கும்போது சட்டி மாற்றுங்கள். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், சில வாரம் நிழலில் வைத்து, புதுத் தளிர் வந்த பிறகே உரம்.

ஒரே ஒரு செடி வைத்திருந்தால் கை சும்மா இருக்காது, அதையே நோண்டிக்கொண்டிருப்போம். ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வேலை செய்யும்போது மற்றவை நிம்மதியாக வளரும். ஒன்று போனாலும் ஆர்வம் போகாது. சுவரில் பிடுங்கியது, புளியங்கொட்டை போட்டது, நர்சரியில் மலிவாக வாங்கியது என்று சேர்த்தால் ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. கத்தரிக்கு, ரோஜாச் செடி வெட்டும் சாதாரணக் கத்தரியே முதல் சில வருடங்களுக்குப் போதும்.

வெளியூர் போகும்போது என்ன செய்வது என்பதை முன்னதாகவே யோசியுங்கள், பொங்கல் விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது அல்ல. தட்டில் இருக்கும் செடி கோடையில் இரண்டு நாள்கூடத் தாங்காது. சட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, அகலமான டப்பில் ஈர மணல் பரப்பி அதன்மேல் பதித்து வைத்தால் சில நாள் ஓடும். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவதானால், ஒரு முறை அவர் எதிரிலேயே ஊற்றிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பாசத்தில் தினமும் ஒரு டம்ளர் மட்டும் ஊற்றுவார். மேல்மண் நனைந்திருக்கும், அடிவேர் காய்ந்திருக்கும்.