மார்ஃபன் குழந்தைகளின் லென்ஸ் அறுவைக்குப் பின்: பார்வை மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ஃபன், உடலின் இணைப்புத் திசுக்களைப் பலவீனப்படுத்தும் பரம்பரை நோய்; அதில் கண்ணின் லென்ஸ் இடம் பெயர்வதால் சில குழந்தைகளுக்கு அதை அகற்ற வேண்டியிருக்கும். சொட்டு மருந்தை மறப்பது, கண்ணைக் கசக்க விடுவது ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். குழந்தைக் கண் மருத்துவத்துக்குப் புதிதாக வருபவர்கள் நான் முன்பு செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைக் கண்டு இதை எழுதுகிறேன்.

பார்வை குறைந்தால் சோம்பேறிக் கண் என்று முடிவு கட்டுவது

இடம் பெயர்ந்த லென்ஸை அகற்றியிருந்த 7 வயதுச் சிறுவன் ஒருவன், முந்தைய முறை படித்த வரிகளில் இரண்டைப் படிக்க முடியாமல் நின்றான். கண்ணாடியின் பவரில் மாற்றம் இல்லை. சோம்பேறிக் கண் (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை மந்தமான கண்) என்று எண்ணி, அதற்காக நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டுப்பட்டையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவன் தாயைக் கண்டித்து, மறைக்கும் நேரத்தைக் கூட்டி அனுப்பினேன். 6 வாரம் கழித்துக் கண்மணியை விரித்துப் பார்த்தபோது விழித்திரை பிரிந்து, மையப் பகுதியும் விலகியிருந்தது. அந்தத் தாய் ஒரு நாளும் தவறவில்லை; நான் சொன்னபடி நல்ல கண்ணை மூடி, பிரிந்துகொண்டிருந்த விழித்திரையால் பார்க்கும்படி பிள்ளையை வற்புறுத்திக்கொண்டிருந்தார். மையம் விலகிய பின் விழித்திரையை ஒட்டவைத்தாலும், போன பார்வை முழுவதும் திரும்புவது அரிது.

மார்ஃபன் நோயில் எஃப்பிஎன்1 மரபணுவின் பிழையால் ஃபைப்ரிலின் புரதம் பழுதுபடுவதால், லென்ஸைத் தாங்கும் இழைகள் தளர்கின்றன. இந்நோயில் கண்ணும் பெரும்பாலும் நீண்டு, விழித்திரை இழுபட்டு மெலிகிறது. லென்ஸ் அறுவை அந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. மின்னல் தெரிகிறது, திரை விழுகிறது என்று சிறு பிள்ளை சொல்வதில்லை. ஆகவே காரணம் விளங்காமல் பார்வை குறைந்தால், அன்றைக்கே கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்த்தாக வேண்டும். மார்ஃபன் குழந்தைகளின் கண்மணி பல நேரம் சரியாக விரியாது. அப்போது அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், பிள்ளை முரண்டு பிடித்தால் மயக்க மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். "ஒத்துழைக்கவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்ற குறிப்பை நோயாளிக் கோப்பில் இன்றும் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கூட்டல் பவர் வேகமாகக் குறைவதை வளர்ச்சி என்று விடுவது

லென்ஸ் அகற்றிய கண்ணுக்குத் தேவைப்படும் கூட்டல் (பிளஸ்) பவர், கண் வளர வளரக் குறைவது இயல்புதான். ஆனால் வயதுக்கு மீறிய வேகத்தில் குறைந்தால், கண் அழுத்தம் கூடி விழிக்கோளம் பெரிதாகிறதா என்று அளந்து பாருங்கள்.

தூரப் பார்வைக்கு மட்டும் கண்ணாடி எழுதுவது

லென்ஸோடு கிட்டத்தில் குவிக்கும் திறனும் போய்விடுகிறது. பள்ளிப் பிள்ளைக்கு பைஃபோகல் வேண்டும்.

அறுவை நடந்த கண்ணை மட்டும் சோதிப்பது

இரண்டையும் சோதியுங்கள்.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) இல்லாமல் மயக்க மருந்துக்கு அனுப்புவது

மார்ஃபன் குழந்தைக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி விரிவடைந்திருக்கலாம். லென்ஸ் கீழ்நோக்கி நகர்ந்திருந்த குழந்தை என்றால், மார்ஃபனைப் போலவே தோன்றும் ஹோமோசிஸ்டின்யூரியா என்ற பரம்பரை நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்நோயில் மயக்க மருந்தின்போது இரத்தம் உறைந்து குழாயை அடைக்கக்கூடும்.