ஞாயிற்றுக்கிழமை மேக்ஸ்: எடை தூக்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆந்திரப் பக்கத்துக் குடிபாலாவிலிருந்து ஒரு பையன், நான் எடை தூக்கப் பழக்குகிற ஜிம்மில் போன மாதம் வந்து சேர்ந்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்குள் உடம்பைத் தேற்ற வேண்டும் என்றான். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டித் தினமும் விடியற்காலை காட்பாடிக்கு வருகிறான். மூன்றாவது வாரமே ஆரம்பித்துவிட்டான்: "அண்ணா, ஞாயித்துக்கிழம ஒரு மேக்ஸ் போட்டுப் பாக்கட்டுமா?"

இருபது வயதில் எனக்கும் இதே அவசரம் இருந்தது. தடுக்கத்தான் ஆள் இல்லை.

வார்ம்அப் செய்யுங்கள், தூங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாராவாரம் மேக்ஸ்

ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடைதான் மேக்ஸ். அது பரீட்சை. வாராவாரம் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தால் பாடம் படிப்பது எப்போது?

புதிதாக வருபவர்களுக்கு முதல் ஆறேழு வாரம் எடை விறுவிறுவென்று ஏறும். தசை பெருத்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு நரம்பினுடையது. ஏற்கெனவே இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க மூளை பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். தசை பெருக்க மாதக்கணக்கில் ஆகும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு, அது உரமேற இன்னும் நாளாகும். மாட்டுக்கு இழுக்கும் பலம் கூடிவிட்டது, கயிறு பழைய கயிறுதான். அந்த நேரம் பார்த்துத்தான் மேக்ஸ் ஆசை வருகிறது.

ஆசை வருவதில் தப்பில்லை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது) 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். இந்தப் பக்கத்துப் பையன்கள் அந்த எண்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் போட்டி மேடையில் ஸ்னாட்சுக்கு மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு மூன்று வாய்ப்பு, அதோடு சரி. அந்த ஆறு தூக்குக்காக வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். நம் பையன்களோ அந்த ஆறையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை செலவழிக்கப் பார்க்கிறார்கள்.

நான் கெட்டது டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்துத் தூக்கி நிமிர்வதில். முந்தின வாரம் 130 கிலோவை முதுகு வளைந்துதான் எடுத்திருந்தேன். எழுந்துவிட்டது என்பதை மட்டும் பார்த்தேன், எப்படி எழுந்தது என்று பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு நேராக 140. சுற்றி ஏழெட்டுப் பேர். இந்தப் பக்கம் "தூக்கு மச்சான்", அந்தப் பக்கம் தெலுங்கில் "எத்தரா, எத்தரா". கம்பி முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை, இழுத்தேன். இடுப்பில் சுருக்கென்று ஏதோ நழுவியது.

கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கல் என்றது ஸ்கேன். எட்டு மாதம். குழாயடியில் குனிந்து ஒரு குடம் தூக்க முடியாது, தங்கைதான் தூக்கினாள். பட்டாளத்துத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், அந்த வருடம் போகவே முடியவில்லை. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிட்டேன். பட்டாளத்துக்காரர்கள் இல்லாத தெரு இல்லை என்கிற மாவட்டம் இது. சீருடையில் ஒருவர் விடுப்பில் வந்து இறங்கும்போது இன்றும் எனக்கு அந்த ஞாயிறுதான் ஞாபகம் வருகிறது.

இதைச் சொன்னால், "பல்கேரியாக்காரங்க தினமும் மேக்ஸ் போட்டாங்களாமே" என்று வீடியோவைக் காட்டுகிறார்கள். போட்டார்கள், உண்மைதான். பல்கேரியப் பளுதூக்கும் அணியின் பயிற்சியாளர் இவான் அபட்ஜியேவ் காலத்தில் அப்படித்தான் நடந்தது. அவர்கள் சிறு வயதிலேயே பொறுக்கி எடுக்கப்பட்டு, அதை மட்டுமே வேலையாகச் செய்தவர்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அந்த அணியின் இரண்டு தங்கங்கள் ஊக்கமருந்தால் பறிபோய், மிச்ச வீரர்களும் போட்டியிலிருந்து விலகினார்கள் என்பதை வீடியோ சொல்லாது. மூன்று வாரம் பழகிவிட்டு, பகலெல்லாம் மாங்காய் லோடு ஏற்றி இறக்குகிற பையனுக்கு அந்த முறை பொருந்தாது.

எவ்வளவு பலம் என்று தெரிந்தே ஆக வேண்டுமா? கணக்குப் போடலாம். 60 கிலோவை முதுகு வளையாமல் ஐந்து முறை தூக்குகிறீர்கள், ஆறாவது முடியாது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அறுபதால் பெருக்கினால் 70 வரும். எப்லி சூத்திரம் என்பார்கள். பத்துக்கு மேல் எண்ணிக்கை போனால் பிசகும், ஐந்தாறுக்கு நன்றாகவே பொருந்தும். முதுகைப் பணயம் வைக்காமல் எண் கிடைத்துவிடுகிறது.

என்னிடம் வருபவர்களுக்கு முதல் மூன்று மாதம் மேக்ஸ் கிடையாது. 20 கிலோ வெறும் கம்பியில் தொடக்கம். ஒவ்வொரு செட்டிலும் (விடாமல் தூக்குகிற ஒரு சுற்று), இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஏற்றுவது பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ தட்டு, ஆக 2.5 கிலோ. எந்த ஜிம்மிலும் அந்தச் சின்னத் தட்டுகள்தான் மூலையில் தூசி படிந்து கிடக்கும். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். குடிபாலா பையனுக்கு முதல் நாளே அதைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். இப்போது டெட்லிஃப்டில் 57.5. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்கிறான். முதுகு நேராக இருக்கிறது.

பெல்ட்

இடுப்பை இறுக்கிக் கட்டுகிற பெல்ட் வெறும் கம்பிக்கு வேண்டாம்.

ஓடுகிற ஷூ

அடி மெத்தென்று அமுங்கும், கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்தெழுகிற ஸ்குவாட்டில் குதிகால் ஆடும். தட்டையான கேன்வாஸ் ஷூ போதும்.

பெஞ்ச் பிரஸ்

மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும்போது கட்டைவிரல் அதைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தலைமாட்டில் ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாத நாளில் பெஞ்ச் இல்லை.

பவுடர்

சேர்ந்த அன்றே புரதப் பவுடர் டப்பா வாங்குகிறார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலை இங்கேயே விளைகிறது. காலையில் நான்கு முட்டை, சாயந்திரம் ஒரு கைப்பிடி அவித்த கடலை, மதியம் பருப்பு, தயிர். இதை மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பவுடரைப் பற்றிப் பேசலாம்.

வெயில்

வேலூர் வெயில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே மதியம் மூன்று மணிக்கு ஸ்குவாட் போட்டு ஒருவன் என் கண் முன்னால் மயங்கி விழுந்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். வருவதற்கு முன்பே ஒரு சொம்பு தண்ணீர். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்குக் கம்பியைத் தொட வேண்டாம், உப்புப் போட்ட மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.