கோர்ஸ்வர்க் மியூசிக் வீடியோ: கேமராவைத் தொடும் முன் பாட்டைத் தாளில் வெட்டுங்கள்

மியூசிக் வீடியோ எடுத்துத் தர வேண்டும் என்று ஆசிரியர் சொன்ன வாரக்கடைசியே குழு ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். சூரியன் இறங்கும் நேரத்தில் ஒருவர் மணலில் நடப்பார், இன்னொருவர் அவரைச் சுற்றிச் சுற்றி எடுப்பார். போன் நிறைய அழகான கிளிப்புகள் சேரும். எடிட் செய்ய உட்காரும்போதுதான் தெரியும், பாட்டோடு ஒட்டுவது அதில் ஒன்றும் இல்லை என்று.

இது மொரீஷியஸில் முதல் தடவையாக இந்த வேலையில் இறங்கும் தமிழ் மாணவர்களுக்கான விளக்கம். ஒரு போன், ஆடாத ட்ரைபாட், ஸ்பீக்கர், இலவச எடிட்டிங் மென்பொருள் இருந்தால் போதும்.

படி 1: பாட்டு

சினிமாப் பாட்டு வேண்டாம். அதன் உரிமை உங்களிடம் இல்லை. யூடியூபில் ஏற்றினால் அதன் பதிப்புரிமைச் சோதனை அமைப்பான கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், படத்தில் வந்த காட்சி பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதோடு உங்கள் போன் போட்டி போட முடியாது.

பாடுகிற அக்கா, கோயில் பஜனைக் குழு, செகா (மொரீஷியஸின் நாட்டார் இசை) பாண்டில் வாசிக்கும் பக்கத்துத் தெரு அண்ணன் என்று யாரையாவது கேளுங்கள். சரி என்று வாயால் சொன்னது போதாது. எந்தப் பாட்டு, எந்தப் பாடவேலைக்கு, இணையத்தில் போடலாமா கூடாதா என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இங்கே 2014ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பாடலாசிரியர் மாசா (மொரீஷியஸ் படைப்பாளர் சங்கம்) உறுப்பினர் என்றால் அங்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பழைய காவடிப் பாட்டின் வரிகள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கலாம். யாரோ பாடிப் பதிந்த ஒலிப்பதிவு பொது இல்லை. மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் போகாத பாட்டாகப் பாருங்கள்.

படி 2: பாட்டை வெட்டும் தாள்

மொத்த வேலையில் பாதி இதுதான், நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து நான்கு பத்தி பிரியுங்கள்: நேரம், காதில் கேட்பது, கண்ணில் படுவது, எங்கே எடுப்பது. பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு முதலில் முதல் இரண்டு பத்தியை மட்டும் நிரப்புங்கள். பிறகு மற்ற இரண்டையும் நிரப்பினால், 3 நிமிடம் 12 விநாடி ஓடும் ஒரு பாட்டுக்குத் தாள் இப்படித் தொடங்கலாம்:

0:00 – 0:14: ரவான் (செகாவின் தோல் மேளம்) மட்டும். விரல்கள், தோலின் மேல் படும் தூசி. வீட்டு வாசல்.
0:14 – 0:41: பல்லவி இரண்டு தடவை. பாடுபவர் முகம், பிறகு இடுப்பளவு. வாசல்.
0:41 – 0:50: ட்ரையாங் (முக்கோணக் கம்பி) சேருகிறது, குரல் இல்லை. பாட்டி துணி காயப் போடுகிறார். கொல்லைப்புறம்.
0:50 – 1:22: முதல் சரணம். நடை (கதைப் பகுதி). கரும்புப் பாதை.

கடைசி வரை இப்படி எழுதி முடித்தால் எத்தனை இடம், எத்தனை ஆள், எத்தனை உடை என்பது தானாகத் தெரிந்துவிடும். இடம் மூன்றைத் தாண்டினால் ஒன்றை அடித்துவிடுங்கள். ஒரு கொல்லைப்புறத்தில் பத்துக் கோணம் எடுக்கலாம். பத்து ஊரில் ஒவ்வொரு கோணம் எடுக்க உங்களுக்கு யார் வண்டி ஓட்டுவது?

அடுத்தது தாளம். செகா பெரும்பாலும் 6/8ல் போகும். நம் காதுக்கு அது திஸ்ரம்: தகிட, தகிட. காவடிச்சிந்து கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. காலால் தட்டிக்கொண்டே நிமிடத்துக்கு எத்தனை ‘தகிட’ வருகிறது என்று எண்ணுங்கள். 100 வந்தால் ஒரு ‘தகிட’ 0.6 விநாடி, விநாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வைத்தால் சரியாக 15 ஃபிரேம். ஆகவே ஒரு ஷாட் 30, 60, 120 ஃபிரேம் என்று நின்றால் வெட்டு தாளத்தில் விழும். தாளம் எண்ணும் செயலி இதே பாட்டுக்கு 150 என்று காட்டலாம். பயப்பட வேண்டாம், அது வேறு அளவில் எண்ணுகிறது. உங்கள் கால் தட்டுவதே கணக்கு. ரவான் அடிப்பவர் மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) வைத்து அடிப்பதில்லை, நேரடியாகப் பதிந்த பாட்டில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் கணக்கை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, வெட்ட வேண்டிய இடத்துக் குறியைக் காதால் கேட்டுப் போடுங்கள்.

படி 3: என்ன காட்டப் போகிறீர்கள்

ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் யோசனை இன்னும் பழுக்கவில்லை.

ஊடகப் பாடத்தில் ஆண்ட்ரூ குட்வின் பெயர் வரும். பாடல் வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பிரித்தார்: வரியை அப்படியே காட்டுவது, வரிக்கு மேல் பொருள் ஏற்றுவது, வரிக்கு ஒட்டாமல் போவது. ‘மழை வருது’ என்று ஒரு வரி என்று வையுங்கள். மழையைக் காட்டினால் முதல் வகை. பாட்டி கொடியிலிருந்து பேத்தியின் பள்ளிச் சீருடையை மட்டும் முதலில் உருவுவது இரண்டாம் வகை. காய்ந்த குழாயடியில் வாளியோடு நிற்பது மூன்றாம் வகை. புதியவர்கள் வீடியோ முழுக்க முதல் வகையிலேயே ஓட்டிவிடுகிறார்கள். தாளின் மூன்றாம் பத்தியில் ஒவ்வொரு வரிசைக்கும் எந்த வகை என்று ஓரத்தில் குறித்தால் இது உடனே கண்ணில் படும். பிறகு எழுத வேண்டிய அறிக்கைக்கும் அதுவே சான்று.

படி 4: இடம், வெயில், அனுமதி

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் முக்கால்வாசி வட அரைக்கோளத்தில் எடுத்தவை. ‘தெற்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம்’ என்பது இங்கே செல்லாது. நம் தீவு தெற்கே 20 பாகையில் இருப்பதால், கோடையில் உச்சிக்கு ஏறும் சில வாரங்கள் போக, நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமே நிற்கும். சூரிய உதயம் வேண்டுமென்றால் கிழக்கே பெல் மார், அஸ்தமனம் வேண்டுமென்றால் மேற்குக் கரை. ஜூன், ஜூலையில் மாலை ஆறுக்கு முன்பே வெளிச்சம் போய்விடும். தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் முடியையும் சேலையையும் பிடித்து இழுக்கும், மேற்கில் அவ்வளவு தொல்லை இல்லை. கியூர்பிப்பில் எடுக்கத் திட்டமிட்டால் மழையையும் நடிகர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் புயல் காலம். முதல் வகுப்பு எச்சரிக்கை வந்தாலே படப்பிடிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

கரும்புக் காட்டில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூன், ஜூலையில் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை வெட்டு நடக்கும். சனிக்கிழமை ஆள் உயரத்துக்கு நின்ற கரும்பு அடுத்த சனிக்கிழமை மொட்டை நிலமாக இருக்கும். அந்த இடத்துக் காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுங்கள். நிலம் ஒருவருக்குச் சொந்தமானது என்பதால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

காத்ர் போர்னில் கோர் தே கார்ட் மலை முருகன் கோயில் படிக்கட்டு கேமராவுக்கு அருமையான இடம். கோயில் நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள், கூட்டமில்லாத நாளைச் சொல்வார்கள். தைப்பூசத்தன்று அலகு குத்தி நடப்பவர்களைத் தூரத்திலிருந்து எடுத்து நடுவே சொருகும் ஆசை பலருக்கு உண்டு. அவர்கள் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள். கேட்காமல் எடுக்காதீர்கள்.

லெ மோர்ன் மலையும் அப்படித்தான். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம், 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். செகாவே அடிமைகளிடம் பிறந்த இசை. 2014ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பாட்டுக்கு அந்த வரலாற்றோடு தொடர்பு இருந்தால் மலையைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அது வாழ்த்து அட்டை. டிரோன் காட்சியைப் பற்றியும் என் எண்ணம் இதேதான். அதற்கு விமானத் துறை விதிகள் வேறு இருக்கின்றன. முதல் வீடியோவில் விட்டுவிடுங்கள்.

18 வயதுக்குக் கீழ் இருப்பவர் நடித்தால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம்.

படி 5: போன் அமைப்பு

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) அதற்குப் பொருந்தாவிட்டால் ட்யூப்லைட், மலிவு எல்இடி விளக்குகளின் கீழ் படம் படபடவென்று துடிக்கும், அதை எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு. விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50ல் ஒன்று என்று வையுங்கள். போனின் சொந்தக் கேமராவில் இது கிடைக்காவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி கொடுக்கும்.

வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் பூட்டுங்கள். தானாக விட்டால், பின்னால் பளபளக்கும் கடலைப் பார்த்துப் போன் எல்லாவற்றையும் இருட்டாக்கும். நம் பிள்ளைகளின் முகம் வெறும் நிழலாகிவிடும். முகத்தைத் தொட்டு அளவெடுத்துப் பூட்டுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். கடலோரத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். உப்புப் படலம் அந்தச் சின்னத் திரையில் தெரியாது.

படி 6: படப்பிடிப்பு

பாடும் பகுதியை முதலில் எடுங்கள். பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாக ஓட்டி, முழுப் பாட்டையும் தூரத்தில் ஒரு தடவை, இடுப்பளவில் ஒரு தடவை, முகத்தில் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் மற்ற எல்லாம் கெட்டுப்போனாலும் வீடியோ நிற்கும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், பிறகு பொருத்துவதற்கு அடையாளமாக, கேமரா முன் கை தட்டுங்கள்.

பாடுபவர் உண்மையாகவே வாய்விட்டுப் பாட வேண்டும். உதட்டை மட்டும் அசைத்தால் தொண்டை அசையாது, மூச்சு இழுபடாது, பார்ப்பவருக்குப் பொய் உடனே தெரியும். உதடு பொருந்துகிறதா என்று பார்க்க ‘ப’, ‘ம’ வரும் சொற்களைப் பிடியுங்கள். ‘அம்மா’ என்னும்போது உதடு மூடும் ஃபிரேமும் ஒலியும் ஒன்றாக வந்தால் எல்லாம் சரி.

ஸ்பீக்கர் பாடுபவர் அருகில் இருக்கட்டும். கேமரா 30 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 2 ஃபிரேம் ஆகும். எடிட்டில் மென்பொருள் ஒலியை வைத்துப் பொருத்தியதும் உதடு 2 ஃபிரேம் முந்தி நிற்கும். அந்தக் கிளிப்பை 2 ஃபிரேம் பின்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும்.

உடலெல்லாம் மெதுவாக அசைய, உதடு மட்டும் பாட்டோடு பொருந்தும் காட்சி வேண்டுமா? விஎல்சி பிளேயரில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டுங்கள், அந்த வேகத்திலேயே பாடச் சொல்லுங்கள், விநாடிக்கு 50 ஃபிரேமில், ஷட்டரை 100ல் ஒன்றாக்கி எடுங்கள். எடிட்டில் பாதி வேகமாக்கினால் உதடு அசல் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரட்டை வேகத்தில் பாடுபவருக்கு மூச்சு வாங்கும், நான்கு வரியோடு விடுங்கள்.

ஒருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்ததை அடித்துக்கொண்டே வரட்டும். மதியம் எல்லாருக்கும் டோல்பூரி வாங்கிக் கொடுங்கள். சம்பளமில்லாத குழுவைச் சாயங்காலம் வரை நிறுத்தி வைக்க வேறு வழி நான் அறியேன். வீட்டுக்குப் போனதும் போனில் எதையும் அழிக்கும் முன் இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

படி 7: எடிட்டிங்

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். பழைய லேப்டாப் திணறினால் போனிலேயே கேப்கட்டில் செய்யலாம். ரிசால்வில் கிளிப்புகளை உள்ளே கொண்டுவரும் முன் ஃபிரேம் வேகத்தை 25 ஆக்குங்கள். டைம்லைனில் கிளிப் ஏறிய பிறகு மாற்ற விடாது. பல போன்கள் சொன்ன வேகத்தில் சீராகப் பதிவதில்லை, அதனால் பாட்டின் தொடக்கத்தில் பொருந்திய உதடு முடிவில் நழுவும். அப்படிப்பட்ட கிளிப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாட்டை வைத்து, ஓடவிட்டு, தாளத்தில் எம் விசையைத் தட்டினால் குறிகள் விழும். பாடும் டேக்குகளை ஒலியை வைத்துப் பொருத்தி மல்டிகேம் (டேக்குகளுக்கு இடையே மாறி மாறி வெட்டக்கூடிய ஒரே கிளிப்) ஆக்குங்கள். முதல் சுற்றில் பாடும் காட்சிகளை மட்டும் வைத்து முழு வீடியோவையும் முடித்துவிட்டு, அதற்கு மேல் கதைக் காட்சிகளைத் தாளின்படி போடுங்கள்.

எல்லா ‘தகிட’யிலும் வெட்டாதீர்கள், கண் வலிக்கும். சரணத்தில் 120 ஃபிரேம் நிற்கவிட்டு, ரவான் வேகம் கூடும் இடத்தில் 30க்கு இறங்கினால்தான் வேகம் வேகமாகத் தெரியும். வெட்டு ‘த’வின் மேல் சரியாக விழாமல் ஒரு ஃபிரேம் முந்தினால் இன்னும் கச்சிதமாக இருக்கும்.

நம் வீடுகளில் கிரியோல் பேசுவோர் அதிகம். பாட்டுப் புரியாத உறவினர்கள் நிறையவே உண்டு. கிரியோலிலோ பிரெஞ்சிலோ துணைத்தலைப்புப் போடுங்கள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழில் போட்டால் ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை முயலுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் அந்த மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை என்று பொருள். வரிகளை வேறு மென்பொருளில் படமாக்கி மேலே வைக்க வேண்டியதுதான்.

முடிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, வேலையில் சேராத ஒருவருக்கு ஒலியில்லாமல் ஓட்டிக் காட்டுங்கள். கதையைச் சொல்லச் சொல்லிக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தப்பாகப் புரிந்துகொண்ட இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

படி 8: ஒப்படைப்பது

ஹெச்.264, 1920க்கு 1080, 25 ஃபிரேம், விநாடிக்கு 10 மெகாபிட் என்று ஏற்றுமதி செய்தால் 3 நிமிட வீடியோ ஏறக்குறைய 225 மெகாபைட் வரும். பாட்டை வெட்டிய தாள், அதில் அடித்துத் திருத்திய இடங்கள், அனுமதிக் கடிதங்கள், டைம்லைனின் ஸ்கிரீன்ஷாட்கள், ஒலியில்லாமல் பார்த்தவர் சொன்னது ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். இந்த ஷாட்டை ஏன் வைத்தீர்கள், அதை ஏன் தூக்கினீர்கள் என்று அறிக்கையில் கேட்பார்கள். பதில் அந்தத் தாளிலேயே இருக்கும். பென் டிரைவில் ஏற்றி, ஆசிரியர் போட்டுப் பார்க்கப்போகும் வகுப்புக் கம்ப்யூட்டரிலேயே ஒரு தடவை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.