குவெரி ரிசல்ட்டுக்குச் சார்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான குவெரியை ஓட்டினால் டேபிள் வருகிறது, பக்கத்திலேயே சார்ட் பட்டனும் இருக்கிறது. அழுத்தினால் ஏதோ ஒரு படம் வந்துவிடும். அந்தப் படம் நாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று கருவிக்குத் தெரியாது. எந்தச் சார்ட் என்பதில் பாதி குவெரி எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல் பழகுகிறவர்கள் பலர் பார்த்திருக்கும் சினூக் மாதிரி டேட்டாபேஸையே எடுத்துக்கொள்வோம். பாட்டு விற்கும் ஒரு கற்பனைக் கடை. 59 வாடிக்கையாளர்கள், 24 நாடுகள், 412 பில்கள். 2009 முதல் 2013 வரை தேதியிட்ட பழைய பதிப்பின் எண்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

தினசரி விற்பனையை குரூப் பை (ஒரே நாளின் வரிசைகளை ஒன்றாகச் சேர்ப்பது) போட்டு எடுத்து லைன் சார்ட்டில் விட்டால், ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். ஐந்து ஆண்டுக்கு 1,826 நாட்கள், பில்களோ 412 தான். குறைந்தது 1,414 நாட்களில் விற்பனையே இல்லை. ஆனால் இல்லாத நாளுக்கு குரூப் பை வரிசை தராது. அதனால் கோடு ஒரு பில்லிலிருந்து அடுத்த பில்லுக்குத் தாவுகிறது. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. எல்லா நாட்களும் உள்ள நாட்காட்டி டேபிள் ஒன்றை உருவாக்கி, அதன் எந்த நாளும் விடுபடாமல் விற்பனையை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் செய்து, விடுபட்ட நாளுக்கு 0 போடுங்கள். அல்லது மாதவாரியாகக் கூட்டுங்கள். கூட்டினால் வேடிக்கை: பெரும்பாலான மாதங்களில் அதே 37.62. நிஜக் கடையில் இப்படி வராது, செய்து வைத்த டேட்டா என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. அதே டேட்டாதான், தினசரியில் கொந்தளிப்பு, மாதக் கணக்கில் தட்டையான கோடு.

ஆண்டு விற்பனையை பார் சார்ட்டில் போடும்போது வேறொரு சிக்கல். 2009-இல் 449.46, 2010-இல் 481.45. உயர்வு சுமார் 7 சதவீதம். அச்சை 440-இல் தொடங்கினால் இரண்டாவது பார் முதலாவதைப்போல நான்கு மடங்குக்கு மேல் நிற்கும். பாரின் நீளத்தைத்தான் கண் அளக்கிறது, அதனால் பார் சார்ட் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். லைன் சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

நாடுவாரி விற்பனை இதைவிட நுட்பமான பொறி. அமெரிக்கா 523.06, கனடா 303.96, பிரான்ஸ் 195.10. இறங்கு வரிசையில் அழகான பார் சார்ட், பார்த்ததும் ‘அமெரிக்காவில்தான் நன்றாகச் செலவழிக்கிறார்கள்’ என்று சொல்லத் தோன்றும். அமெரிக்காவில் 13 வாடிக்கையாளர்கள், கனடாவில் 8, பிரான்ஸில் 5. தலைக்குக் கணக்கிட்டால் 40.24, 38.00, 39.02. அவ்வளவுதான் வித்தியாசம்! அந்த சார்ட் காட்டியது ஆள் எண்ணிக்கையை. இங்கே எக்ஸ் அச்சில் வாடிக்கையாளர் எண்ணிக்கை, ஒய் அச்சில் விற்பனை என்று நாட்டுக்கு ஒரு புள்ளி வைக்கும் ஸ்கேட்டர் பிளாட் போட்டால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழும். விஷயம் உடனே புரியும். சராசரியை மட்டும் காட்டினாலும் ஆபத்துண்டு: 46.62 என்று சிலி முதலிடத்துக்கு வந்துவிடும், அங்கே இருப்பதோ ஒரே ஒரு வாடிக்கையாளர். எண்ணிக்கையையும் பக்கத்தில் போடுங்கள்.

பை சார்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 25 இசை வகைகளுக்கு 25 துண்டா? 3,503 பாடல்களில் ராக் மட்டும் 1,297, ஓபரா ஒன்று. அதன் துண்டு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. கோணத்தைவிடப் பொது அளவுகோலில் உள்ள இடத்தையே மனிதர்கள் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கிலும் 1984-லேயே காட்டிவிட்டார்கள். பிளேலிஸ்ட் கணக்குக்கு பை அடியோடு தப்பு: ஒரே பாடல் பல பிளேலிஸ்ட்களில் இருப்பதால் 8,715 வரிசைகள் வருகின்றன. முழுமை என்று ஒன்று இல்லாத இடத்தில் சதவீதம் எதற்கு?

மாதப் பெயரை எழுத்தாக வைத்திருந்தால் ஏப்ரலும் ஆகஸ்டும் ஜனவரிக்கு முன்னால் வந்து நிற்கும். மாத எண்ணை வைத்து, வரிசைப்படுத்தும் ஆர்டர் பை கொடுங்கள். ரிசல்ட் ஒற்றை எண் என்றால் சார்ட்டே வேண்டாம், எண்ணைப் பெரிதாகப் போட்டால் போதும்.

அப்புறம், எந்தச் சார்ட்டும் காட்டிக்கொடுக்காத தவறு ஒன்று உண்டு. பில் டேபிளை, வாங்கிய ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரிசை உள்ள உருப்படி டேபிளுடன் ஜாயின் செய்துவிட்டுப் பில் தொகையைக் கூட்டினால், 14 பாட்டு வாங்கிய பில் 14 முறை எண்ணப்படும். உண்மையான மொத்தம் 2,328.60, வருவது அதைப்போல எட்டு மடங்குக்கு மேல். எல்லா பாரும் சேர்ந்தே உயர்வதால் படம் சாதாரணமாகத்தான் தெரியும். சார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் ஜாயின் இல்லாமல் மொத்தத்தை ஒரு முறை எடுத்து ஒத்துப் பாருங்கள்.