கீழமாசி வீதியில் மசாலாச் சரக்கு வாங்கப் போகிறீர்களா?

இலண்டனிலிருந்து மதுரைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு காலைப்பொழுதைக் கீழமாசி வீதிக்கென்றே ஒதுக்கிவிடுவேன். பள்ளித் தோழன் ஒருவன் துணைக்கு வருவான். அது மொத்த வியாபாரத் தெரு. முகம் தெரிந்த ஒருவர் கூட வந்தால், கால் கிலோ கேட்டாலும் கடைக்கார அண்ணாச்சி மூட்டையை அவிழ்த்துக் காட்டுவார்.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி தாண்டி நடந்தே போய்விடலாம். ஆட்டோ என்றால் விளக்குத்தூண் என்று சொன்னால் போதும். கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. மூட்டை சுமப்பவர்கள் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கி வழிவிடுங்கள். சித்திரைத் திருவிழாவில் தேரோடும் நாளில் மாசி வீதிகளில் சரக்கு வாங்க நினைக்காதீர்கள். அன்று தேர் பார்க்கத்தான் போக வேண்டும்.

முதலில் வத்தல், அதாவது காய்ந்த மிளகாய். நீள வத்தல் நிறமும் காரமும் தரும். குண்டு வத்தல் இராமநாதபுரத்துச் சரக்கு. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தாளிப்பில் அதன் மணத்துக்கு இணையில்லை. மாசி, பங்குனியில் வந்தால் புது வத்தல் கிடைக்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, ஊர் போய்ச் சேருவதற்குள் பூசணம் பிடித்துவிடும். காம்பு பச்சை கலந்த மஞ்சளாக இருப்பதையும் தோழன் பார்ப்பான். கறுத்த காம்பைக் கண்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுவான்.

கிராம்பை நகத்தால் அழுத்துங்கள், எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் சாரம் போன சரக்கு. மிளகில் நாலைந்தைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். பப்பாளி விதையும் சொத்தை மிளகும் மிதக்கும். பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் தடித்த ஒற்றைச் சுருள்தான் தருவார்கள். மெல்லிய பல அடுக்குகளாகச் சுருட்டு போலிருக்கும் இலங்கைக் கறுவா வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கலாம். கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் பொட்டலத்தைப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கல்பாசியை மறக்க வேண்டாம், வெளிநாட்டுக் கடைகளில் நல்லதாகக் கிடைப்பது அரிது.

தூளாக எதையும் வாங்காதீர்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒருமுறை நேரமில்லையென்று ஒரு கடையில் அரைத்து வைத்திருந்த குழம்புத்தூளை இரண்டு கிலோ வாங்கிப் போனேன். மூன்றே மாதத்தில் அதில் நிறம் மட்டுமே மிஞ்சியது. இப்போது மல்லி, வத்தல், சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம், துவரம்பருப்பு, விரலி மஞ்சள் எல்லாம் முழுதாக வாங்கி, தோழன் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து, தெருமுனை மில்லில் நின்று அரைத்து வாங்குகிறேன். நமக்கு முன்னால் அரைத்தவர் என்ன போட்டார் என்று கேட்டுவிடுங்கள், அந்த மிச்சம் நம் தூளில் கலக்கும். தூள் சூடாகத்தான் வரும். செய்தித்தாளில் பரப்பி முழுதாக ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கட்டி தட்டும். இதற்காகவே பயணத்துக்கு நான்கு நாள் முன்பாவது கடைக்குப் போய்விடுங்கள்.

பெட்டி கட்டும்போது மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கொப்பரையைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது. தீப்பிடிக்கும் பொருளென்று தடுத்திருக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையைப் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியா செல்வோர் கொண்டுபோகும் உணவுப் பொருள் அனைத்தையும் அறிவிப்பு அட்டையில் காட்டியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை கசகசா. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் சிக்கவைக்கும். அந்த ஊர்களில் விமானம் மாறுவோரும் எடுத்துச் செல்லாமலிருப்பதே நல்லது. சென்ற முறை எனக்குத் துபாய் வழியாக டிக்கெட். பழக்கத்தில் நூறு கிராம் வாங்கிவிட்டதால் பொட்டலத்தைத் தோழன் கையிலேயே கொடுத்தேன். அன்றிரவு அவன் வீட்டில் பரோட்டாவுக்குக் கசகசா அரைத்துவிட்ட குருமா.