ஓசூர்ப் பக்கம் போஸ்டிங் வந்திருக்கும் புது ஆசிரியர்களுக்கு

கலந்தாய்வில் கிருஷ்ணகிரி மாவட்டம் கிடைத்ததும் தஞ்சாவூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் இளம் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "அங்கே பிள்ளைகளுக்குத் தமிழே வராதாமே டீச்சர்?" என்பதுதான். தேன்கனிக்கோட்டை வட்டாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளிலேயே என் பணிக்காலம் கழிந்திருக்கிறது. தமிழ் நன்றாகவே வரும். வீட்டில் பேசும் தெலுங்கையும் கன்னடத்தையும் உருதுவையும் வகுப்புக்குள் பேச விடும் ஆசிரியரிடம் சீக்கிரமே வரும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் பாடப்புத்தகத்தை அவசரமாகத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறது என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டியிடம் தெலுங்கு, அப்பாவிடம் தமிழ், விளையாடும்போது கன்னடம் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று இருக்கும். தளிப் பக்கம் கன்னடம் கூடுதலாக இருக்கும். சிப்காட்டை ஒட்டிய பள்ளி என்றால் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை மொத்தமாக 'இந்தி' என்று எழுதிவிடாதீர்கள். ஒடியா, வங்காளம், அசாமி, போஜ்புரி என்று கேட்டால்தான் தெரியும். தன் மொழியின் பெயரை டீச்சர் சரியாகச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்த்தால், இந்த விசாரிப்பைச் சடங்காகச் செய்ய உங்களுக்கு மனம் வராது.

சேர்க்கை விஷயத்தில் உறுதியாக இருங்கள். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது என்று பெற்றோர் தயங்கி நிற்பார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இவை இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது பிள்ளையின் உரிமை. மொழி தெரியவில்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது பெரிய அநியாயம். பெயரை ஆதாரில் இருப்பதுபோலவே, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பதியுங்கள். நம் வழக்கப்படி தலைப்பெழுத்து சேர்க்கப்போய் குடும்பப் பெயரை வெட்டிவிட்டால், பின்னால் அலைவது பெற்றோர்தான்.

தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளும் நம் மாவட்டத்தில் உண்டு. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. பெற்றோர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே படித்தாலும் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழும் ஒரு பாடமாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது.

இனி வகுப்பறை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பீர்கள்; அரும்புதான் தொடக்க நிலை. தமிழில் அரும்பில் இருக்கும் பிள்ளையைக் கணக்கிலும் அரும்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் நீங்கள் ஒரு கூட்டலைச் செய்து காட்டி, அடுத்ததை அவளைச் செய்யச் சொல்லுங்கள். கழித்தலும் பகிர்தலும் சரளமாகப் போடுகிற பிள்ளைகள் "மீதி எத்தனை?" என்ற கேள்வி புரியாமல் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எண் பெயர்களில் கன்னட, தெலுங்குப் பிள்ளைகளுக்குச் சிரமம் குறைவு. மூன்றும் நான்கும் ஆறும் அவர்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே ஒலிதான். இந்தி பேசும் பிள்ளை நூறு வரை ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப்பெயரை மனப்பாடம் செய்து வந்திருக்கும். இருபது, ஐந்து, இருபத்தைந்து என்று இரண்டு அட்டைகளை ஒட்டிக் காட்டுங்கள். கட்டும் முறை பிடிபட்டதும் கடகடவென்று போய்விடுவார்கள்.

தமிழ் எழுத்தைப் பெயரிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பிள்ளையின் பெயரை அவள் வாயால் சொல்லக் கேட்டு, பெரிதாக எழுதி, மேசையில் ஒட்டுங்கள். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிப் பக்கம் கன்னடப் பள்ளியில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த பையனுக்கு நம் ககரம் குழப்பும். அங்கே நான்கு எழுத்து, இங்கே ஒன்று. கடல், தங்கம், அகல் மூன்றையும் பலகையில் எழுதி உரக்கச் சொல்ல வையுங்கள். சொல்லின் முதலில் ஒரு ஒலி, மெல்லெழுத்துக்குப் பின் ஒரு ஒலி, நடுவில் ஒரு ஒலி என்பதைக் காதால் கண்டுபிடிக்கட்டும். விதியாகச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டாம்.

பால் படத்தைக் காட்டும்போது தளிப் பிள்ளை "ஹாலு" என்றால் தப்பு என்று சொல்லாதீர்கள். பலகையில் ஒரு பக்கம் ஹாலு, எதிரே பால். ஹல்லு, எதிரே பல். ஹுலி, எதிரே புலி. நான்காவதை அவர்களே கத்துவார்கள். அன்று தமிழ்ப் பிள்ளைகளும் கன்னடம் கற்றுக்கொண்டு போவார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு.

விடியற்காலையில் அரபி ஓதிவிட்டு வரும் பிள்ளைகள் சிலர் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார்கள்; பழகிய கை வலமிருந்து இடம் போகும். அட்டையின் மேல் ஒரு ஸ்டிக்கர், ஒவ்வொரு வரியின் இடது ஓரத்தில் பச்சைப் புள்ளி, இவ்வளவு போதும். கையைத் தட்டவோ மற்றவர்கள் சிரிக்கவோ விடாதீர்கள். இரண்டு திசையில் படிக்கத் தெரிந்த பிள்ளை அது.

அப்புறம் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு வருடத்தில் மைதானத்தில் தமிழில் சண்டையே போடுவார்கள். தமிழ் வந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் "கீழ்க்காணும் படத்தை உற்றுநோக்கி விடையளிக்க" என்றால் விழிப்பார்கள். பேச்சுமொழி ஓரிரு வருடத்தில் வரும், பாடமொழி வர ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் வகுப்பிலும் அப்படித்தான். பொருத்துக, வட்டமிடுக, கோடிட்ட இடத்தை நிரப்புக, வேறுபடுத்துக ஆகியவற்றைத் தனிப்பாடமாகவே நடத்துங்கள். ஒவ்வொன்றையும் செய்து காட்டுங்கள். தேர்வில் இந்தப் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

மாதம் ஒருமுறை ஒரு அம்மாவையோ பாட்டியையோ கதை சொல்ல அழையுங்கள், அவர்கள் மொழியிலேயே. புரிந்த பிள்ளைகள் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். பிறகு எல்லோரும் படம் வரைந்து ஒரு வரி எழுதட்டும். பேச வராது என்று நாம் நினைத்த பிள்ளைதான் அன்று வகுப்பையே நடத்தும். கேழ்வரகுக் களியிலிருந்து தொடங்கினால் பேச்சு தானாக வரும். கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. எப்படிக் கிண்டுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி இருக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவனைப் பற்றிய புகாரை அவன் வாயாலேயே சொல்ல வைப்பது சரியல்ல. பாதி மாறியும் போகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு மொழி தெரிந்த அம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைகள் யார் என்று சத்துணவு அக்காவிடம் முன்பே சொல்லி, வாழைப்பழம் கிடைக்கச் செய்யுங்கள்.

'வடக்கன்' என்ற சொல் வகுப்பில் காதில் விழுந்தால் அந்த நிமிடமே பாடத்தை நிறுத்துங்கள். பெரியவர்கள் பேச்சிலிருந்து வருவது அது. சொல்லும் பிள்ளைக்கு அதன் கனம் தெரியாது, கேட்கும் பிள்ளைக்குத் தெரியும். திட்டியவனையும் கேட்டவனையும் ஒரே குழுவில் போட்டு வேலை கொடுங்கள். பெரியவர்களிடமும் பேசுங்கள்.

செங்கல் சூளைக் குடும்பங்கள் மழைக்கு முன் சொல்லாமல் கிளம்பிவிடும். அதனால் ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒரு பக்கத் தாள் தயாராக வைத்திருங்கள்: என்ன வாசிக்கிறான், எதுவரை எண்ணுகிறான், வீட்டு மொழி எது, எந்தப் பாடம் பாதியில் நிற்கிறது. அம்மாவின் கையில் ஒரு பிரதி, அவர் போனில் ஒரு போட்டோ. டி.சி. கேட்காமல் போனாலும் எமிஸில் பெயரை, பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடுங்கள். சேலத்திலோ திருப்பூரிலோ சேர்த்தால் அந்தத் தலைமையாசிரியர் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். நீங்கள் வைத்திருந்தால் அவருக்குக் கிடைக்காது.