முதலில் வாடுவதை முதலில் சமையுங்கள்: பெங்களூரில் வாரம் 1,800 ரூபாய்க்குள் வீட்டுச் சாப்பாடு

பெங்களூருக்கு வந்து புதுசாகக் குடித்தனம் வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டு அட்வான்சுக்கே சேமிப்பெல்லாம் போயிருக்கும், அதற்கு மேல் சாப்பாட்டுச் செலவும் கைமீறினால் மாசக் கடைசியில் திண்டாட்டம்தான். எங்கள் வீட்டில் நாலு பேர்: நான், கணவர், மாமியார், ஏழாம் வகுப்பு படிக்கும் பையன். இருப்பது அல்சூரில். பால் உட்பட வாரத்துக்கு 1,800 ரூபாய், கேஸ் தனிக் கணக்கு. உங்கள் தொகை வேறாக இருக்கலாம், முறை இதேதான்.

படி 1: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

எல்லாச் செலவையும் எழுத வேண்டாம். குப்பையில் போட்ட காய், வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடு, இந்த இரண்டு மட்டும் போதும். நான் எழுதிப் பார்த்தபோது அரிசி பருப்பில் பணம் ஒன்றும் ஒழுகவில்லை. கருத்துப்போன கொத்தமல்லி, கொழகொழத்துப்போன வெண்டைக்காய், அப்புறம் வியாழக்கிழமை சாயங்காலம் களைத்துப்போய் வந்து பார்த்தால் எதுவும் ஊறவில்லை, எதுவும் நறுக்கவில்லை, உடனே போனை எடுத்து ஆர்டர். அங்கேதான் போயிருந்தது. கூடையில் என்ன இருக்கிறது, அதில் எது நாளைக்குத் தாங்காது என்று தெரியாமல் சமைத்ததுதான் இரண்டுக்கும் காரணம்.

படி 2: உங்கள் டம்ளரில் கோடு போடுங்கள்

நாலு பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 300 கிராம், சாம்பாருக்குத் துவரம் பருப்பு 100 கிராம், பயறோ கடலையோ குழம்பு வைத்தால் ஊறவைக்கும் முன் 150 கிராம். இதை ஒரே ஒரு தடவை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்கி, வீட்டு டம்ளரில் கொட்டி, எங்கே நிற்கிறதோ அங்கே கோடு கிழித்துவிடுங்கள். புதிதாகச் சமைப்பவர்கள் கண்ணளவில் போடும்போது ஒரு நாள் மிஞ்சும், மறுநாள் போதாது.

சாப்பாட்டுக்கு சோனா மசூரி எந்தக் கடையிலும் கிடைக்கும். இட்லி, தோசைக்கு ‘தோசை அக்கி’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மாதம் நாலு கிலோ ராகி மாவும் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். நாட்டிலேயே ராகி அதிகம் விளைவது கர்நாடகத்தில்தான். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பசும்பாலில் அதே எடைக்கு 120 பக்கம்தான். பாலைக் கொஞ்சம் குறைத்த வாரங்களில் என் பையன் காலையில் ராகிக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகிறான், அதில் எனக்கு ஒரு நிம்மதி.

படி 3: சந்தைக்கு மெனு எழுதிக்கொண்டு போகாதீர்கள்

‘திங்கள் பீன்ஸ் பொரியல், செவ்வாய் கத்திரிக்காய்’ என்று எழுதிக்கொண்டு போனால் அன்றைக்கு பீன்ஸ் என்ன விலை விற்றாலும் வாங்கிவிடுவோம். பெயர் எழுதாமல் எண்ணிக்கை மட்டும் எழுதுங்கள்: கீரை இரண்டு கட்டு, சீக்கிரம் வாடும் காய் இரண்டு, நாள் தாங்கும் காய் மூன்று, வெங்காயம், தக்காளி, உருளை. அன்று மலிவாக எது குவிந்திருக்கிறதோ அதை வைத்து அந்த எண்ணிக்கையை நிரப்புங்கள்.

போகிற வழியில் ஏதாவது ஒரு ஹாப்காம்ஸ் (காய்கறி, பழம் விற்கும் கூட்டுறவு) கடையில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாக ஆரம்பித்தது அது, தினமும் விலைப்பட்டியல் போடுவார்கள். அந்த விலை மனதில் இருந்தால் தள்ளுவண்டியிலோ மடிவாளா சந்தையிலோ யாரும் சொல்வது அதிகமா நியாயமா என்று உடனே தெரியும். கே.ஆர். மார்க்கெட் இன்னும் மலிவு, ஆனால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால்தான் பஸ் செலவுக்குக் கட்டுப்படியாகும். கன்னடம் வராதே என்று பயப்படாதீர்கள், தமிழ் பேசும் வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். கீரைக்கு சொப்பு, வெந்தயக் கீரைக்கு மெந்த்யா சொப்பு, முருங்கைக் கீரைக்கு நுக்கே சொப்பு, இவ்வளவு தெரிந்தால் போதும். நம் ஊரில் பெங்களூர் கத்திரிக்காய் என்கிறோமே, அந்த சௌசௌ இங்கே சீமே பதனேகாய். மலிவு, ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். டிசம்பர், ஜனவரியில் அவரேகாய் (நம் பச்சை மொச்சை) குவியும், அதற்கென்று மேளாவே நடத்துகிற ஊர் இது. அந்த இரண்டு மாதம் வாரத்தில் இரண்டு நாள் அதுதான் எங்கள் குழம்பு.

படி 4: வாடுகிற வரிசையில் அடுக்குங்கள்

வீட்டுக்கு வந்ததும் காய்களைத் தரையில் பரப்பி, எது முதலில் கெடும் என்று வரிசையாக வையுங்கள். கீரையும் கொத்தமல்லியும் இரண்டு நாள். வெண்டை, கத்திரி, பீன்ஸ் மூன்றாவது நான்காவது நாளுக்குள். முட்டைக்கோஸ், கேரட், சௌசௌ அதற்கு அப்புறம். உருளை, பூசணி, சேனை கடைசி. இந்த வரிசைதான் உங்கள் மெனு. பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் ‘இன்று என்ன சமைப்பது’ என்று யோசிக்கவே வேண்டாம், மேலே இருப்பதை எடுக்க வேண்டியதுதான்.

கீரையைக் கழுவி வைக்காதீர்கள், ஈரம்தான் அழுகவைக்கும். வேரை வெட்டிவிட்டு, செய்தித்தாளில் சுருட்டி வையுங்கள். வெண்டைக்காயும் ஈரமில்லாமல் துணிப்பையில். பீட்ரூட், முள்ளங்கிக்கு மேலே இலை இருந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு சுருங்கிப்போகும். அந்த இலையையும் எறியாதீர்கள், அன்றைக்கே பருப்போடு கூட்டு வைத்துவிடலாம்.

படி 5: ஒரே வேகவைப்பில் இரண்டு பதார்த்தம்

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மாடி வீட்டு மண்டியாக்கார அக்கா. பெயர் பஸ்ஸாரு. கீரையும் பயறும் வெந்த தண்ணீரை வடித்துக் குழம்பு (இங்கே சாறு என்பார்கள்), வடிதட்டில் தங்கிய கீரையும் பயறும் பொரியல். சந்தைக்குப் போன அன்றைக்கே இதைச் செய்யுங்கள், வாடுகிற கீரை முதல் நாளே தீர்ந்துவிடும்.

அரை கப் பச்சைப்பயறை (துவரம் பருப்பும் சரி) ஐந்து கப் தண்ணீரில், திறந்த பாத்திரத்தில், முக்கால் பதம் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிட்டால் வடிக்க முடியாது. நறுக்கிய கீரை ஒரு பெரிய கட்டு, உப்பு போட்டு இன்னும் ஏழெட்டு நிமிடம். வடிதட்டில் கொட்டித் தண்ணீரைத் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஒரு வெங்காயம், ஆறு பல் பூண்டு, நாலைந்து காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் சீரகம், நாலு மிளகு வதக்கி, இரண்டு ஸ்பூன் தேங்காய், கொஞ்சம் புளி, வடித்து வைத்த கீரை, பயறில் ஒரு கைப்பிடி சேர்த்து நைசாக அரையுங்கள். அந்தக் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள், சாறுக்கு உடம்பு கொடுப்பது அதுதான். அரைத்ததை வடித்த தண்ணீரில் கரைத்து, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் சாறு தயார். மிச்சக் கீரையையும் பயறையும் கடுகு, மிளகாய், பூண்டு, தேங்காயோடு ஒரு புரட்டு புரட்டினால் பொரியல். களிக்கும் சரி, சோற்றுக்கும் சரி, அவ்வளவு பொருத்தம். மறுநாள் காலை அந்தச் சாறு இன்னும் ருசிக்கும்.

படி 6: மாவும் ஊறலும்

நாலு டம்ளர் தோசை அக்கி, ஒரு டம்ளர் உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். ஞாயிறு அரைத்தால் வியாழன் வரைக்கும் டிபன் கவலை இல்லை. குளிர்காலத்தில் இந்த ஊரில் எட்டு மணி நேரத்தில் மாவு புளிக்காது, பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம்கூட ஆகும். பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வையுங்கள்.

வியாழன் களைப்புக்கு ஒரே மருந்து புதன் ராத்திரி ஊறும் கொண்டைக்கடலை. மறந்துவிட்டால் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஹாட்பேக்கில் மூன்று மணி நேரம் மூடி வைத்துவிட்டு, குக்கரில் வழக்கத்தைவிட ஐந்தாறு விசில் கூட விடுங்கள். அதே குக்கரில் மேல் தட்டில் உருளையும் வேகட்டும்.

படி 7: வாரக் கடைசி

வெள்ளிக்கிழமை முட்டைக் குழம்பு, ஞாயிறு அரைக் கிலோ கோழியும் அதே அளவு உருளையும். கோழியின் காரம் இறங்கிய உருளைக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி. சனிக்கிழமை கூடையில் மிஞ்சிய அரைக் கேரட், ஒரு துண்டு பூசணி, நாலு பீன்ஸ் எல்லாவற்றையும் அரிசி, துவரம் பருப்போடு சேர்த்துக் கூட்டாஞ்சோறாக்கிவிடுங்கள். அப்பளம் பொரித்தால் போதும்.

ஞாயிறு காலை சந்தைக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜ் காய்த்தட்டு காலியாக இருக்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போங்கள். அரை கப் பச்சைப்பயறை ஊறப்போட்டுவிட்டுப் போனால், கீரையோடு திரும்பி வரும்போது அதுவும் தயாராக இருக்கும்.